பதினான்கும் நலம்

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டு என்னுடையது அல்ல. முதல் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் என் கணவருடையவை. தேதி, தொட்டி நீரின் வெப்பம், மீன்களின் எண்ணிக்கை, பிறகு ஓரிரு சொற்களில் குறிப்பு. மின்வாரியத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பதிவேடு எழுதிய கை. கடைசிப் பதிவு நவம்பர் 27: "26 டிகிரி. 14. கொம்பன் சாப்பிடவில்லை."

அன்று மாலை அவர் இறந்தார். இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

ஆசீர் சார் கேட்டுக்கொண்டதால் தொடர்கிறேன். அவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நாட்டு மீன் கிளப்பின் செயலாளர். "நோட்டு மட்டும் விட்டுப்போயிரக் கூடாது மேடம். சங்கரபாண்டி ஏழு வருசமா ஒருநாள் விடல" என்றார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். விட்டுப்போன தரவின் தொல்லை எனக்குத் தெரியும்.

26 டிகிரி. 14. கொம்பன், கூட்டத்தில் பெரிய ஆண் அதுதான், சாப்பிட்டது.

ஓமத் தண்ணீர் பாட்டில் இன்னும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பாதி.

ஜனவரி 7, புதன்

26. 14. கல்லூரி திறந்துவிட்டது. வாஷிங் மெஷினின் குழாய் கழன்று தரையெல்லாம் நீர். துடைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

டெங்கு பரிசோதனைக்கு மாநகராட்சியிலிருந்து இசக்கியம்மாள் வந்தாள். டார்ச்சும் சாக்பீஸும் வைத்திருப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தெரு அவளுக்கு.

கொல்லையில் நீல ட்ரம்மைத் திறந்து விளக்கடித்தாள். "யம்மா, இங்க வந்து பாருங்க. புழு நெளியுது."

ட்ரம்மின் வாயில் அவர் எப்போதும் வலை கட்டியிருப்பார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தண்ணீர் மொள்ள யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

"கொட்டிருங்க. சாரு இருந்தா கொட்ட உடமாட்டாவ. என் மீன் தண்ணின்னு சண்டைக்கு வருவாவ. எங்க சாரு?"

"வெளியூர் போயிருக்காங்க" என்றேன்.

உண்மையைச் சொன்னால் அவள் நிற்பாள், கேட்பாள், நான் தேதியும் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு மணிக்கு எனக்கு வகுப்பு.

"அப்போ வீட்ல ரெண்டு பேருன்னே போடுதேன்." வாசல் சுவரில் சாக்பீஸால் தேதியும் 2-ம் எழுதிவிட்டுப் போனாள்.

ட்ரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. வெள்ளையடிப்பும் கோலமும் இல்லை. கை சும்மா இருந்ததால் தொட்டியைச் சுத்தம் செய்தேன்.

செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது என் பழக்கம். பழைய நீரை முழுவதும் வெளியேற்றினேன். மீன்களை வாளியில் வைத்தேன். கூழாங்கற்களைக் கழுவினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அழுக்கு போகும்வரை அலசினேன். குழாயிலிருந்து நேராக நீர் பிடித்து நிரப்பி மீன்களை விட்டேன். மூன்று மணிக்கு முடிந்தது. கண்ணாடி அப்படிப் பளிச்சென்று இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றேகாலுக்கு எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இரை போட்டேன்.

நாலரைக்குள் பதினான்கும் போய்விட்டன.

அதன் பிறகுதான் வாளியை முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி. மழைக்குப் பிறகு இன்னும் தாராளமாகப் போடுகிறார்கள் போலிருக்கிறது. அதன் பிறகுதான் நோட்டையும் புரட்டினேன். பக்கம் 31, இரண்டு முறை அடிக்கோடிட்டு: "குழாய்த் தண்ணீர் ட்ரம்மில் ஒரு நாள் நிற்க வேண்டும். அவசரம் கூடாது."

வாயாலும் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் "ம்" என்றிருக்கிறேன்.

எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். கொம்பனை மட்டும் அளந்தேன். முதுகுத் துடுப்பின் நீண்ட இழையோடு பதினொன்றரை செ.மீ.

ஜனவரி 12, திங்கள்

26 டிகிரி. 14.

ஜனவரி 13, செவ்வாய்

ஆசீர் சார் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்: "மேடம், நம்ம பிள்ளைய எப்படி இருக்காவ?"

"பதினான்கும் நலம்" என்று அனுப்பினேன். ஏழு பேர் கும்பிடு போட்டார்கள்.

ஆய்வுக்குத் தரவை ஜோடித்துக் கொண்டுவரும் மாணவிக்கு நான் பூஜ்யம் போடுவேன். அழுதாலும் மாற்றுவதில்லை.

26. 14.

ஜனவரி 16, வெள்ளி

புனேயிலிருந்து மதுரா பேசினாள்.

"அம்மா, அழுதியா?"

"இன்னைக்கா?"

"எப்பவாச்சும்மா."

"விடைத்தாள் கட்டு வந்திருக்கு. நாப்பத்தெட்டு."

பிறகு, "அப்பா தொட்டிய வீடியோல காட்டேன்" என்றாள். நெட் சரியில்லை என்றேன். "அப்போ போன அந்த மோட்டார் பக்கத்துல வை. சத்தம் மட்டும் கேக்கேன்."

மோட்டாரை நான் இன்னும் நிறுத்தவில்லை. வெறும் நீரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

26. 14.

ஜனவரி 24, சனி

ஆசீர் சார் வாசல்வரை வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் தொட்டியைப் பார்க்கக் கேட்டிருப்பார். நான் கேட்டைத் திறக்காமல் பேசினேன்.

அவர் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மீன் பிடிக்கும் இடங்களின் ஊர்ப்பெயரை கிளப்பில் யாரும் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் வியாபாரிகள் ஒரே வாரத்தில் மடுவைத் துடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பவை எண் ஏழிலிருந்து வந்தவை. இழை நீண்ட கெண்டை. எண் ஏழு மடு இரண்டு வருடத்துக்கு முன் தடுப்பணை வேலையில் தூர்ந்துபோனது. இப்போது அதைத் தோண்டிவிட்டிருக்கிறார்களாம், நீரும் நிற்கிறதாம். அந்த மடுவின் மீன் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது எங்கள் கூடத்தில் மட்டும்தான். அதைக் குஞ்சு பொரிக்கவைத்து அதே மடுவில் திரும்ப விடுவது ஆசீர் சாரும் என் கணவரும் சேர்ந்து போட்ட திட்டம்.

"பிப்ரவரி பதினஞ்சு வந்து கொம்பனையும் ரெண்டு பெட்டையையும் எடுத்துக்கிடுதேன். சங்கரபாண்டி பேர்லதான் மேடம் விடப்போறோம்."

"சரி."

"எட்டாந்தேதி எண் ஒன்பதுக்குப் போறோம். மீன்வளத் துறை அனுமதி வந்துட்டு. நீங்க வாறியளா? வருசா வருசம் உங்கள அவன் கூப்பிடுவான், நீங்க பேப்பர் திருத்தணும்பியளாம்."

"அங்கயும் இதே மீன்தானா?"

"ஜாதி ஒண்ணுதான். ஆறு வேற கிளை. நாங்க ஒண்ணோட ஒண்ணக் கலக்க மாட்டோம்."

"வரேன்" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பதினான்கு வேண்டும். அதில் நீண்ட இழையுள்ள பெரிய ஆண் ஒன்று. ஜாதி ஒன்றேதான். கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கலந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எண் ஏழு என்ற பெயரில் எண் ஒன்பதின் மீன் அந்த மடுவில் நீந்தும். அவர் பெயரில்.

பிப்ரவரி 2, திங்கள்

27. 14. மாதாந்திரத் தேர்வு வினாத்தாள் அனுப்பினேன். பெரிய தூக்குவாளியைப் பரணிலிருந்து எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு அவருடைய காரை எடுத்தேன். முன்னிருக்கையில் தயிர்சாதத் தூக்கு. எண் ஒன்பதுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆற்றின் பெரிய பாறைகளுக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் நீர் தெளிந்து ஓடியது. ஏழு பேர் வந்திருந்தார்கள். ஆசீர் சார் அரைக்கால் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு நின்றார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெசிமா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வந்துட்டீங்களா! சேலையோட எப்படி எறங்குவீங்க?"

"நான் கரையில இருக்கேன்."

"நல்லதாப் போச்சு" என்றார் ஆசீர் சார். "மேடம் ஸ்டாடிஸ்டிக்ஸ்லா. எண்ணுத வேல உங்களுக்குத்தான். மத்தவன் எண்ணுனா பத்து பன்னெண்டாயிரும்."

விதிகளைச் சொன்னார். வலையில் வருவதெல்லாம் முதலில் வெள்ளை ட்ரேயில் விழ வேண்டும். எண்ண வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். ஆளுக்கு நான்கு மீன் எடுத்துக்கொள்ளலாம். மற்றதைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு ஆற்று மீனை இன்னொரு நீரில் விடவே கூடாது. அவரும் ஜெசிமாவும் வலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு பாறையோரமாக இழுத்தார்கள். வாய் ஓயவில்லை.

"சார், வலையத் தாழ்த்துங்க. எல்லாம் அடியில ஓடுது."

"எனக்குச் சொல்லித் தாரியா நீ? தபாலக் குடுத்தா மட்டும் போதும்."

"தபாலாச்சும் போய்ச் சேருது. உங்க வலையில ஒண்ணும் சேரலியே."

ட்ரே என் மடியருகே வந்துகொண்டே இருந்தது. அயிரை, சிறு கெண்டைகள், கல்லில் ஒட்டிக்கொள்ளும் ஒன்று. நடுவில் இழைக்கெண்டை. அவர்கள் அடுத்த இழுப்புக்குத் திரும்பும்போது தூக்கின் மூடியைத் திறப்பேன். சாதத்தை வந்தவுடனேயே பாறைக்குப் பின்னால் காகங்களுக்குப் போட்டுவிட்டு ஆற்று நீர் பிடித்து வைத்திருந்தேன். ட்ரேயில் ஒன்பது இருந்தால் பதிவேட்டில் ஏழு. ஆறு இருந்தால் நான்கு. என் கையெழுத்து வரி வரியாக நேராக விழுந்தது. அதைக் கவனித்தேன்.

பதினொரு மணிக்குத் தூக்கில் பத்து. எனக்கு அனுமதியுள்ள நான்கு தனியாகக் கிளப் டப்பாவில். பத்தும் நான்கும் பதினான்கு. கொம்பன் அளவுக்கு ஒன்று கிடைக்கவில்லை. இழை உடைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆசீர் சார் வலையின் முனையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்துப் பாறையில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். நெஞ்சு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கு. வாயுதான். ஓமத் தண்ணி ஒரு மடக்கு குடிச்சா சரியாயிரும்."

நான் எழுந்தேன். பதிவேடு மடியிலிருந்து நீரில் விழுந்தது.

"கார்ல ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்க சார்."

"மேடம், வலையப் பாதியில போட்டுட்டு... மத்தியானச் சாப்பாடு வேற வருது. வாயுக்குப் போயி யாராவது..."

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

நான் கத்தினேன் என்று ஜெசிமா பிறகு சொன்னாள். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். எனக்கு அது நினைவில் இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியது நினைவிருக்கிறது. அவர் கால் நனைந்து வழுக்கியது. செருப்பில்லாமல் வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடத்தில் ஓட்டினேன். வழியில் அவர் மூன்று முறை "இப்போ பரவால்ல மேடம்" என்றார். நான்காம் முறை அவர் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் ஓட்டுதலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். கடைசியாக வந்த டாக்டர், என் மாணவிகள் வயதுதான் இருக்கும், காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சார், காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"பனங்கிழங்கு."

"எத்தன?"

ஆசீர் சார் என்னைப் பார்த்தார். "எட்டு இருக்கும்."

"இதயம் நல்லா இருக்கு. வாயுதான்."

அவள் போனதும் ஆசீர் சார் சிரிக்க ஆரம்பித்தார். "நாந்தான் சொன்னேம்லா. வாயுதான்னு. கேட்டியளா நீங்க?"

"வாயுவாவும் இருக்கலாம்" என்றேன். "சும்மா வாயுன்னு விடக்கூடாது."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். நவம்பரில் துக்கம் கேட்க வந்தவர்களோடு அவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர். நான் யார் யாருக்கு என்ன சொன்னேன் என்பது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அப்போது ஜெசிமாவின் போன் வந்தது.

"அக்கா, சாருக்கு எப்படி இருக்கு?... அல்ஹம்துலில்லாஹ். எட்டா! நல்லா திட்டுங்க. அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க தயிர்சாதத்த எல்லாருக்கும் பங்கு வைக்கலாம்னு தூக்கத் தொறந்தேன். உள்ள மீன் கிடக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூடி இறுக்கமா இருந்துச்சா, மூச்சு வாங்குச்சு. உடனே ஆத்துல விட்டுட்டேன். எத்தனன்னு எண்ணல. தப்பா அக்கா?"

"இல்ல. சரிதான்."

"டப்பாவுல இருக்க உங்க நாலையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். இருபத்தோரு நாள் தனித்தொட்டியில வச்சிட்டுத் தாறேன்."

போனை வைத்தேன். ஆசீர் சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒயர்களை இன்னும் எடுக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் பதினைந்தாம் தேதி வேறு ஏதாவது சொல்வேன் என்று தெரிந்தது.

"சார், மீன் செத்துப்போச்சு."

"எந்த மீன்?"

"எங்க வீட்டுது. ஜனவரி பதினொண்ணு. பதினாலும்."

கண்ணைத் திறந்தார். "பதினாலும் நலம்னு குரூப்புல போட்டியளே."

"பொய்."

"கொம்பனுமா?"

"ஆமா."

"என்ன தண்ணி ஊத்துனிய?"

"குழாய்த் தண்ணி. நேரா."

இயந்திரத்தில் பச்சைக் கோடு போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"சங்கரபாண்டி இருந்தா உங்களக் கொன்னுருப்பான்" என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர் ஒன்று கழன்று இயந்திரம் கூவியது. நர்ஸ் ஓடிவந்து, "எதுக்கு சார் பெரியவர அழவைக்கிறீங்க?" என்று என்னைத்தான் திட்டினாள். என்னை சார் என்றாள், பதற்றத்தில்.

அவரை அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "ஏழாம் நம்பர் மீன் இனிமே கிடையாது. அதையும் நோட்டுல எழுதிருங்க மேடம். அவன் நோட்டுல பொய்க்கணக்கு இருக்கக் கூடாது."

அவருக்குச் செருப்பு இல்லை. வெறுங்காலோடு படியேறினார்.

பிப்ரவரி 9, திங்கள்

திருத்தம். ஜனவரி 12 முதல் பிப்ரவரி 7 வரை இந்த நோட்டில் மீன்களின் எண்ணிக்கை 14 என்று குறித்த இடங்கள் எல்லாம் தவறு. எழுதியவள் அறிந்தே எழுதியது. சரியான எண்: 0. எண் ஒன்பதில் நேற்று நான் எழுதிய பதிவும் செல்லாது. பதிவேடு நனைந்ததால் வேறு யாரும் அதைப் பயன்படுத்தப்போவதில்லை.

குழுவிலும் இதையே எழுதி அனுப்பினேன். யாரும் கும்பிடு போடவில்லை. மாலையில் மதுராவுக்குச் சொன்னேன். "அந்த சத்தம்?" என்று கேட்டாள். "மோட்டார் மட்டும்தான்" என்றேன். நிறுத்த வேண்டாம் என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆசீர் சார் வருவதாக இருந்த நாள். வரவில்லை. பனங்கிழங்கு சீசன் முடிந்துவிட்டதாகக் குழுவில் ஜெசிமா எழுதியிருந்தாள். அவர் அதற்கு ஒரு கோப முகம் போட்டிருந்தார்.

ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ட்ரம்மை நிரப்பினேன். வலையை நான்கு மடிப்பாக மடித்து, அவர் கட்டுவதுபோல சைக்கிள் டியூபை வெட்டி வாயில் இறுக்கினேன். ஒரு நாள் நிற்க வேண்டும். மார்ச் முதல் தேதிதான் ஜெசிமாவிடமிருந்து மீன் வரும். ஆனாலும் இன்றே நிரப்பினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இசக்கியம்மாள் வந்தாள். போன தடவை புழு இருந்த வீடுகளை மறுபடி பார்க்கிறார்களாம்.

"யம்மா! மறுபடி ட்ரம்மா? கொட்டிருங்கன்னு சொன்னேம்லா."

"கொட்ட மாட்டேன். வலை கட்டியிருக்கேன். பாரு."

டார்ச்சை வலைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தாள். ஒரு இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. "சாரு மாதிரியே கட்டிருக்கிய. அவியதான் கட்டுனாவளா? வந்துட்டாவளா?"

"நான் கட்டினது. சார் இறந்துட்டாங்க."

"என்ன சொல்லுதிய?"

"நவம்பர் இருபத்தேழு. மாரடைப்பு. வாயுன்னு நினைச்சு ஓமத் தண்ணி கொடுத்தேன். நாலு பேப்பர் திருத்திட்டு வந்து பார்த்தேன்."

அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. "அன்னைக்கு வெளியூருன்னியளேம்மா."

"ஆமா. சொன்னேன்."

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். நானும் குடித்தேன். போகும்போது வாசல் சுவர் முன்னால் சாக்பீஸோடு நின்றாள். பழைய எழுத்து மழை படாத இடத்தில் அப்படியே இருந்தது.

"இதுல வீட்ல ரெண்டு பேருன்னு போட்டுருக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அழிச்சிடு. ஒண்ணுன்னு போடு."

முந்தானையால் துடைத்தாள். சரியாகப் போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடி துடைத்தாள்.

நீர் 27 டிகிரி. மீன் 0. வீட்டில் 1.